வால்டன்ஸ்ட்ராம்: சும்மா இருப்பதா, சில மாத ஊசியா, ஆயுளுக்கும் மாத்திரையா?

பெரியப்பாவுக்கு வந்திருப்பது வால்டன்ஸ்ட்ராம் மேக்ரோகுளோபுலினீமியா என்று தெரிந்த அன்று, வீட்டில் யாராலும் அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. பெரியம்மா இரண்டு தடவை முயன்றுவிட்டு "அந்த வாலு" என்று நிறுத்திக்கொண்டாள். இரண்டரை வருடமாக எங்கள் வீட்டில் அதற்கு வாலு என்றுதான் பெயர். நான் பாளையங்கோட்டையில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற டீச்சர், டாக்டர் இல்லை. ஆனால் பைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான். அதனால், இதே பெயர் ரிப்போர்ட்டில் வந்து, ஒரு டாக்டர் சும்மா இருக்கச் சொல்கிறார், இன்னொருவர் ஊசி போடச் சொல்கிறார், வெளியூரில் இருக்கிற பையன் மாத்திரை வந்திருக்கிறதாமே என்கிறான், நாங்கள் எதைக் கேட்பது என்று திண்டாடுகிற குடும்பங்களுக்காக மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

எல்லோரும் எந்த மருந்து பவர் அதிகம் என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். அந்தக் கேள்வி பாதி வழிக்குத்தான் கூட வரும். வைத்தியத்தை ஆரம்பிக்கிற நேரம் வந்துவிட்டதா, ஆரம்பித்தால் அது ஒரு நாள் முடிகிற வைத்தியமா முடியவே முடியாத வைத்தியமா, இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மருந்தின் பெயர் தானாக வந்து விழும் என்பது என் அனுபவம்.

முதலில் வாலு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் பி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. கிருமி வந்தால் அது முதிர்ந்து பிளாஸ்மா செல்லாகி எதிர்ப்புப் புரதம் சுரக்கும். இந்த நோயில், பி செல்லுக்கும் பிளாஸ்மா செல்லுக்கும் நடுவே பாதியில் நின்றுபோன ஒரு செல் கட்டுப்பாடில்லாமல் பெருகி எலும்பு மஜ்ஜையில் குடியேறிவிடுகிறது. ஒரே அச்சில் வார்த்த ஐஜிஎம் என்ற புரதத்தை ஓயாமல் ரத்தத்தில் கொட்டுகிறது. உடம்பு செய்கிற எதிர்ப்புப் புரதங்களில் உருவத்தில் பெரியது இந்த ஐஜிஎம், ஐந்து துண்டு சேர்ந்து ஒன்றானது, அதனால் அளவு கூடக் கூட ரத்தம் பாகு மாதிரி கெட்டியாகிவிடும். மூக்கில் ரத்தம், கண் மங்கல், தலைவலி எல்லாம் அதனால்தான். மஜ்ஜையில் இடத்தை அடைத்துக்கொள்வதால் ரத்தசோகை தனியாக வரும். சிலருக்கு அந்தப் புரதம் நரம்பின் மேலுறையைத் தாக்கிப் பாதம் மரத்துப்போகும். இன்னும் சிலருக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரல் நுனி நீலமாகிவிடும், அப்படிப்பட்டவர் சீசன் என்று குற்றாலத்துக்குக் கிளம்பினால் வீட்டார் தடுத்துவிட வேண்டும்.

ஜான் வால்டன்ஸ்ட்ராம் என்ற சுவீடன் டாக்டர் 1944ல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்: மூக்கிலும் வாயிலும் ரத்தக் கசிவு, ரத்தசோகை, எகிறிப்போன ஈஎஸ்ஆர் (ரத்த அணு படிகிற வேகம்), கெட்டியான ரத்தம். எண்பது வருடம் கழித்துக் கல்லிடைக்குறிச்சியில் பெரியப்பாவுக்கும் அதே வரிசைதான். அமெரிக்கக் கணக்கில் பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு வருகிறது. தென்காசி பிரிவதற்கு முன்பிருந்த நம் முழுத் திருநெல்வேலி ஜில்லாவுக்கு 2011 மக்கள்தொகை 30 லட்சத்துச் சொச்சம், பெருக்கிப் பார்த்தால் ஒன்பது பேர். நம் ஊரில் எழுபது தாண்டியவர்கள் அங்கே மாதிரி அவ்வளவு இல்லை, அதனால் அந்த விகிதம் அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் ஏன் உள்ளூரில் யாருக்கும் இந்தப் பெயர் தெரியவில்லை என்பது எனக்கு அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் புரிந்தது.

பெரியப்பாவுக்கு எட்டு மாதம் இரும்புச் சத்து டானிக்தான் கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் ஏறவில்லை. ஈஎஸ்ஆர் 128 என்று வந்தபோதுகூட "வயசாச்சுல்லா" என்றுதான் பதில். ஒரு கிளினிக்கில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிவிடலாம் என்று படுக்கையே தயார் பண்ணிவிட்டார்கள், எதற்கோ பயந்து நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். பின்னால் ஹெமட்டாலஜிஸ்ட், அதாவது ரத்த நோய் டாக்டர், சொல்லித்தான் தெரிந்தது, ஐஜிஎம் கூடுதலாக இருப்பவருக்கு யோசிக்காமல் ரத்தம் ஏற்றினால் ஏற்கெனவே கெட்டியாக இருப்பது இன்னும் கெட்டியாகும், அதுவே ஆபத்து. இந்த ஒரு வரியையாவது பைலின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கு முன்னால் கையில் இருக்க வேண்டிய ரிப்போர்ட்டுகள் உண்டு. சீரம் புரோட்டீன் எலெக்ட்ரோபோரேசிஸ் (ரத்தத்தில் இருக்கிற புரதங்களைப் பிரித்துப் பார்ப்பது), ஐஜிஎம் அளவு, மஜ்ஜைப் பரிசோதனை, வயிறு நெஞ்சுக்கு சிடி ஸ்கேன், ஹெபடைட்டிஸ் பி (மேலாகப் பார்க்கிறது மட்டும் போதாது, பழைய தொற்றின் தடயமும் பார்க்க வேண்டும்), கண் டாக்டரிடம் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை. அப்புறம் எம்ஒய்டி88 என்ற மரபணுச் சோதனை. 2012ல்தான் இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள், இந்த நோய்க்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இது இருக்கிறது. இது இல்லை என்றால் நோயே வேறோ என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும், மாத்திரையின் பலனும் குறையலாம். கூடவே சிஎக்ஸ்சிஆர்4 என்ற இன்னொரு மரபணுவையும் பார்த்தால் நல்லது. அது மாறியிருந்தால் மாத்திரை மெதுவாக வேலை செய்யும்.

ஒரு கணக்கு டீச்சராக இதையும் சொல்லியாக வேண்டும். ஒரு லேபில் ஐஜிஎம் 3480 என்று வரும், இன்னொன்றில் 34.8 என்று வரும். இரண்டும் ஒன்றுதான், ஒன்று டெசிலிட்டருக்கு மில்லிகிராம், மற்றது லிட்டருக்குக் கிராம். எங்கள் அண்ணன் சென்னையிலிருந்து 34.8ஐப் பார்த்துவிட்டு "நூறு மடங்கு குறைஞ்சிட்டு, பாத்தியா!" என்று போன் போட்டான். பாவம், அன்றைக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தான். எல்லாத் தடவையும் ஒரே லேபில் எடுங்கள்.

சரி, முதல் வழிக்கு வருகிறேன். சும்மா இருப்பது.

இது கைகழுவிவிடுவது இல்லை. மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை ரத்தம் எடுத்து, உடம்பை விசாரித்து, மருந்து மட்டும் கொடுக்காமல் இருப்பது. நோய் கண்டுபிடிக்கும்போது கணிசமானவர்களுக்குத் தொந்தரவே இருக்காது, வேறு எதற்கோ எடுத்த ரத்தத்தில் தற்செயலாக மாட்டியிருக்கும். தொந்தரவு இல்லாதவருக்கு முன்கூட்டி மருந்து கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. மேயோ கிளினிக்கில் பின்தொடர்ந்து பார்த்த கணக்கில், அறிகுறி இல்லாமல் இருந்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் ஏறத்தாழ நூற்றுக்கு 59 பேருக்கு நோய் முற்றியது. அந்த எண்ணைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பதறினார்கள், எனக்கு மீதி 41 பேர்தான் கண்ணில் பட்டார்கள். ஐந்து வருடம் ஒரு ஊசியும் இல்லாமல், ஒரு பக்கவிளைவும் இல்லாமல்!

பெரியப்பா கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு நெல் போகமும் போடுகிறவர். விடிந்ததும் பேப்பரில் பாபநாசம் அணையில் எத்தனை அடி என்று பார்த்து டைரியில் எழுதாமல் காபி குடிக்கமாட்டார். அவருக்கு இதைப் புரியவைக்க எனக்கு அதிகம் கஷ்டம் இல்லை, அவரே சொல்லிக்கொண்டார்: "அதான் ஏட்டி, 143 அடி கொள்ளுத அணையில 90 அடி இருக்கும்போது மதகைத் தொறப்பாவளா?" டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். "அய்யா, நாங்க பாக்குறது எத்தனை அடின்னு இல்ல. கரை கசியுதான்னுதான் பாக்குறோம்." மருத்துவத்தில் இதற்கு இதைவிடச் சரியான விளக்கம் நான் வேறெங்கும் கேட்கவில்லை. ஐஜிஎம் 5000 இருந்தும் வயலுக்குப் போய்வருகிற ஆளுக்குக் காத்திருக்கலாம், 1500 மட்டுமே இருந்தும் பாதம் மரத்து நடை தள்ளாடுகிறவருக்கு ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

கசிவு என்றால் என்னென்ன? ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போவது, ரத்தம் உறைய உதவுகிற தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போவது, காரணமில்லாத காய்ச்சல், துணி நனைகிற ராத்திரி வியர்வை, எடை கரைவது, நெறிகட்டியோ மண்ணீரலோ தொந்தரவு தருகிற அளவு வீங்குவது, நரம்புக் கோளாறு, ரத்தம் கெட்டியானதற்கான அடையாளங்கள். ஐஜிஎம் 3000க்குக் கீழே இருக்கும்போது கெட்டித்தன்மையால் தொந்தரவு வருவது அபூர்வம். 6000 தாண்டிவிட்டால் மட்டும் ஆள் நன்றாக இருந்தாலும் பெரும்பாலான ஹெமட்டாலஜிஸ்டுகள் சும்மா இருக்கமாட்டார்கள்.

இந்த வழியின் கஷ்டம் நோயாளிக்கு இல்லை, வீட்டாருக்குத்தான். "கேன்சர்ங்கீய, மருந்து கொடுக்காம வச்சிருக்கீய, துட்டு இல்லேன்னா சொல்லுங்க" என்று ஒரு சொந்தக்காரர் கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்துக் கேட்டார். பெரியம்மா அழுதுவிட்டாள். நாட்டு மருந்துக்காரர்கள் நுழைவதும் இந்த இடைவெளியில்தான், மூலிகை லேகியம் ஒரு டப்பா எங்கள் வீட்டுக்கும் வந்தது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததைக் கல்லீரலுக்குள் அனுப்ப வேண்டாம் என்று பெரியப்பாவே பரணில் போட்டுவிட்டார். இப்படிப் பதினான்கு மாதம் ஓடியது. இரண்டு பிசானம் எடுத்தார். எனக்கு அந்தப் பதினான்கு மாதம் லாபக் கணக்குதான்.

அப்புறம் கரை கசிந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை மூக்கில் ரத்தம், ஹீமோகுளோபின் 9.3, ஐஜிஎம் 4650. கண்ணில் ரத்த நாளங்கள் கொஞ்சம் புடைத்திருப்பதாகக் கண் டாக்டர் எழுதினார். இனி மற்ற இரண்டு வழிகள்.

ஊசி வழியில் இரண்டு கிளை உண்டு, இரண்டுக்கும் அடித்தளம் ரிட்டுக்சிமாப். பி செல்லின் மேலே சிடி20 என்று ஒரு கொண்டி இருக்கிறது, அதைப் பிடித்துச் செல்லை அழிக்கும் மருந்து. 1997ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2007ல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இதை இந்தியாவிலேயே தயாரித்து இறக்கிய பிறகு நம்மைப் போன்றவர்கள் கிட்டே போகிற மாதிரி ஆனது. அளவு உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 375 மில்லிகிராம். பெரியப்பாவுக்கு 1.6 சதுர மீட்டர், அதாவது 600 மில்லிகிராம், ஒரு 500 மில்லிகிராம் குப்பியும் ஒரு 100 மில்லிகிராம் குப்பியும். இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போங்கள்.

முதல் கிளை, ரிட்டுக்சிமாபோடு சைக்ளோபாஸ்பமைட் என்ற கீமோ மாத்திரையும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாள்தான் ஆஸ்பத்திரி, ஐந்து நாள் மாத்திரை வீட்டில். கூட வருகிற இரண்டு மருந்தும் ரொம்ப மலிவு. 2007ல் வெளியான கிரேக்க ஆய்வில் 72 பேரில் நூற்றுக்கு 83 பேருக்குப் பலன் தெரிந்தது. ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும், பலன் தெரியவே நாலு மாதம் போல ஆகும். நோய் மறுபடி தலைதூக்க ஆகிற காலம், நடு மதிப்பில் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரத்தம் கெட்டியாகி அவசரமாக இருப்பவருக்கு இது சரிப்படாது. அவசரம் இல்லாத, உடம்பு கொஞ்சம் தளர்ந்த, கையில் காசும் அதிகம் இல்லாதவருக்கு இதைப் பழைய வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் இருந்தால் டெக்ஸாமெத்தசோன் போட்ட அன்றும் மறுநாளும் சர்க்கரை எகிறும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கிளை, ரிட்டுக்சிமாபோடு பெண்டமுஸ்டின். இந்தப் பெண்டமுஸ்டின் 1960களில் கிழக்கு ஜெர்மனியில் யேனா நகரத்தில் உருவானது, பெர்லின் சுவர் விழுகிற வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கமே கிடந்தது. பிறகு ஒன்றான ஜெர்மனியில்தான் அதைப் பெரிதாகச் சோதித்தார்கள். 2013ல் வெளியான அந்த ஆய்வில் வால்டன்ஸ்ட்ராம் நோய்க்காரர்கள் 41 பேர்தான். ஆனால் வித்தியாசம் பெரிது: பழைய நான்கு மருந்துக் கீமோவோடு ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களுக்கு நோய் அடங்கியிருந்தது 28 மாதம், பெண்டமுஸ்டினோடு எடுத்தவர்களுக்கு 69.5 மாதம், இரண்டும் நடு மதிப்பு. நாலு வாரத்துக்கு ஒரு சுற்று, முதல் இரண்டு நாள் பெண்டமுஸ்டின். முழு அளவு சதுர மீட்டருக்கு 90 மில்லிகிராம், வயதானவர்களுக்கு 70 என்று குறைப்பதும் நாலு சுற்றோடு நிறுத்துவதும் உண்டு. தலைமுடி பெரும்பாலும் கொட்டாது. பெரியம்மா டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

கெட்ட பக்கம் இல்லாமலா? வெள்ளை அணு இறங்கும், அதிலும் லிம்போசைட் என்ற வகை குறைந்தால் திரும்ப ஏற மாதக்கணக்கில் ஆகும், அந்தக் காலம் முழுக்கக் கிருமி பயம். சேற்றில் இறங்கக் கூடாது என்றதும் பெரியப்பாவுக்குக் கீமோவைவிட அதுதான் வலித்தது. அக்கி வராமல் இருக்க அசைக்ளோவிர் மாத்திரை கொடுத்தார்கள், அதைச் சரியாகப் போடாமல் விட்டுவிட்டார், மூன்றாவது சுற்றில் விலாவில் அக்கி வந்தேவிட்டது. பெரியம்மா குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதக் கூட்டிக்கொண்டு போனாள். எழுதட்டும், மனசுக்கு ஆறுதல் என்று விட்டுவிட்டேன், ஆனால் அன்றைக்கே மாத்திரையையும் தொடங்கினோம். இது போக, பல வருடம் கழித்து வேறு ரத்தக் கோளாறு வருகிற சிறிய வாய்ப்பும் உண்டு. எழுபது வயதில் அதை எடைபோடுவது வேறு, ஐம்பதில் வேறு.

ரிட்டுக்சிமாப் பற்றி இரண்டு விஷயம். முதல் தடவை ஏற்றும்போது நடுக்கம், காய்ச்சல் வரும், அதனால் சொட்டுச் சொட்டாக ஐந்தாறு மணி நேரம் ஓட்டுவார்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓடிவந்துவிடாதீர்கள். அடுத்தது முக்கியம்: இதைப் போட்ட பிறகு பாதிப் பேருக்கு ஐஜிஎம் குறைவதற்குப் பதிலாகச் சில வாரம் ஏறும். நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஏற்கெனவே 4000க்கு மேல் இருப்பவருக்கு அந்த ஏற்றமே ரத்தத்தைக் கெட்டியாக்கிவிடலாம் என்பதால், முதல் சுற்றில் ரிட்டுக்சிமாபைத் தள்ளிவைப்பார்கள். பெரியப்பாவுக்கு அப்படித்தான், முதல் சுற்று பெண்டமுஸ்டின் மட்டும். உங்கள் ஆளுக்கு 4000க்கு மேல் இருந்து, முதல் நாளே ரிட்டுக்சிமாப் என்று சீட்டு எழுதியிருந்தால், தயங்காமல் ஏன் என்று கேளுங்கள்.

ரத்தம் ரொம்பக் கெட்டியாகிக் கண் மங்கினால் பிளாஸ்மா மாற்றும் சிகிச்சை உண்டு. டயாலிசிஸ் மாதிரி ஒரு இயந்திரத்தில் ரத்தத்தை ஓட்டி ஐஜிஎம்மை வடித்தெடுப்பார்கள், சில மணி நேரத்தில் ஆள் தெளிவார். ஊற்றுக்கண்ணை அடைக்காமல் தண்ணீரை மட்டும் இறைக்கிற வேலைதான் அது, சில வாரத்தில் மறுபடி ஊறிவிடும். போர்ட்டிசோமிப் என்ற ஊசியும் வேகமாக ஐஜிஎம்மை இறக்கும், ஆனால் அதுவே நரம்பைக் கெடுக்கும், ஏற்கெனவே பாதம் மரத்தவருக்கு வேண்டாம்.

இப்போது மாத்திரை. அண்ணன் முதல் நாளிலிருந்து இதன் கட்சிதான். "கீமோவே வேண்டாம் பாப்பா, தினம் மாத்திரை, அவ்ளோதான், உலகம் பூரா இப்ப இதுதான்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. பி செல் உயிரோடு இருக்க பிடிகே என்ற நொதி வழியாகச் சேதி போக வேண்டும், அந்தச் சேதியை இந்த மாத்திரை அறுத்துவிடும். முதலில் வந்தது இப்ருட்டினிப். 2015 ஜனவரியில் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான், அதுவரை எல்லாம் மற்ற நோய்களிடம் கடன் வாங்கியவை. அந்த அனுமதிக்குக் காரணமான ஆய்வில் ஏற்கெனவே வேறு மருந்து எடுத்துப் பார்த்த 63 பேர், அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பலன். அடுத்தது ஜானுபுருட்டினிப், 2021ல் இந்த நோய்க்கு அனுமதி. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். பலனில் பெரிய இடைவெளி இல்லை, இதயத்துடிப்பு தாறுமாறாகிற கோளாறு மட்டும் இப்ருட்டினிப் எடுத்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு, ஜானுபுருட்டினிப் எடுத்தவர்களில் 2 பேருக்கு. மாத்திரை வழிதான் என்று முடிவானால், கிடைக்கிற பட்சத்தில் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன்.

நல்லது என்னென்ன: வெள்ளை அணு அவ்வளவாக இறங்காது, ஆஸ்பத்திரிப் படுக்கை இல்லை, பலன் வாரக்கணக்கில் தெரிய ஆரம்பிக்கும், எண்பது வயதுக்காரரும் தாங்குவார். கெட்டது: ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம், வயிற்றுப்போக்கு. பல் பிடுங்குவதென்றால்கூட மூன்று முதல் ஏழு நாள் முன்னால் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், அதையும் டாக்டரைக் கேட்டுத்தான். பூஞ்சைக்குக் கொடுக்கிற சில மாத்திரையும் கிளாரித்ரோமைசினும் இதோடு மோதும், மருந்துக்கடையில் சும்மா வாங்கிப் போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும். பம்ப்ளிமாஸ் கூடாது. நார்த்தங்காய் ஊறுகாய் பற்றிக் கேட்டோம், "எதுக்கு வம்பு, விட்டுருங்க" என்றார் டாக்டர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், இது முடியாத வைத்தியம். கேட்கிற வரைக்கும், தாங்குகிற வரைக்கும் தினமும் விழுங்க வேண்டும். காசு இல்லாமலோ மறந்தோ திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு ஐஜிஎம் துள்ளி ஏறும், காய்ச்சலும் வியர்வையும் வரும். அதனால் மாத விலையைக் கேட்டுவிட்டு "பரவாயில்லையே" என்று சொல்லாதீர்கள். அதை 12ஆல் பெருக்குங்கள், பிறகு 5ஆல் பெருக்குங்கள், அதற்குப் பிறகு ஊசி வழியின் மொத்தச் செலவுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அண்ணனிடம் நான் ஒரு வெள்ளைத்தாளில் இதைப் போட்டுக் காட்டினேன். தரமுடியும் என்றுதான் சொன்னான், உண்மையாகத்தான் சொன்னான். ஆனால் அவன் வேலை ஐடி கம்பெனியில். ஐந்து வருடத்துக்கு யாராவது வாக்குக் கொடுக்க முடியுமா அந்த வேலையில்?

காசு பற்றி இன்னும் கொஞ்சம். ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்கிற குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்த மருந்து எந்தப் பேக்கேஜில் வருகிறது என்று ஆஸ்பத்திரியிலேயே இருக்கிற காப்பீட்டுக் கவுன்டரில் ஆரம்பிப்பதற்கு முன்பே கேளுங்கள். தனியார் பாலிசி என்றால், வீட்டில் விழுங்குகிற மாத்திரைக்குத் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது, துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு படிவம் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வருடம் முழு டிக்கெட்டில் போனோம்.

எங்கே போவது என்பதும் ஒரு தேர்வுதான். திருநெல்வேலிக்காரர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் கிட்டே. நாகர்கோவில் வழியாகக் காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பலாம், மண்டல புற்றுநோய் மையம் அங்கேதான், தமிழ் பேசிச் சமாளிக்கலாம். அடையாறும் வேலூரும் பெயர் பெற்றவை, ஆனால் ரயிலில் ஒரு ராத்திரி, அங்கே அறை, திரும்ப ஒரு ராத்திரி. என் கருத்து, நோயை உறுதிப்படுத்தவும் எந்த வழி என்று முடிவெடுக்கவும் ஒரே ஒரு தடவை பெரிய இடத்துக்குப் போங்கள், மஜ்ஜை சிலைடையும் கையோடு கொண்டுபோங்கள். மருந்து ஏற்றுவதை வீட்டுக்குக் கிட்டே வைத்துக்கொள்ளுங்கள். கீமோ போட்ட பத்தாம் நாள் ராத்திரி காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், அப்போது வேலூர் உதவிக்கு வராது, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிதான் வரும்.

நாங்கள் எப்படி முடிவெடுத்தோம்? பெரியப்பாவுக்கு நாலு வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, குளோபிடோக்ரெல் போடுகிறார். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பக்கம், ரத்தப்போக்கைக் கூட்டுகிற இந்த மாத்திரை இன்னொரு பக்கம், ஏற்கெனவே மூக்கில் ரத்தம். டாக்டர் அதைச் சொன்னதுமே அண்ணன் பேச்சு குறைந்துவிட்டது. பெரியப்பா கேட்டது வேறு: "எது எப்ப முடியும்ன்னு மட்டும் சொல்லுங்க சார். பிசானத்துக்கு நாத்து பாவுததுக்கு முன்ன முடிஞ்சா எனக்கு அது போதும்." முடிகிற வைத்தியம். பெண்டமுஸ்டின், 70 கணக்கில், ஒரு நாளைக்கு 112 மில்லிகிராம்.

இதையே எல்லோருக்கும் சொல்லமாட்டேன். திருவனந்தபுரம் ரயிலில் பழக்கமான நாகர்கோவில் டீச்சரம்மா ஒருவர், 78 வயது, தனியாக இருக்கிறார், கீமோ போட்டுக் காய்ச்சல் வந்தால் ராத்திரியில் ஆட்டோ பிடிக்கவே ஆள் இல்லை. இதயம் சுத்தம், எம்ஒய்டி88 இருக்கிறது, வளைகுடாவில் இருக்கிற மகள் மாத்திரைச் செலவைப் பார்த்துக்கொள்கிறாள். அவருக்கு மாத்திரைதான், இரண்டு வருடமாக நன்றாகவே இருக்கிறார். "உங்க பெரியப்பாவுக்கு ஏன் ஊசி? பாவம்லா" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். பெரியப்பாவும் பதிலுக்கு, "தெனம் மாத்திரையா, டீச்சருக்குப் பொறுமைதான்" என்றார். ரெண்டு பேரும் சரி.

நாலு சுற்றோடு நிறுத்திவிட்டார்கள். கடைசி ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 11.9, ஐஜிஎம் 1260. பூராவும் போகவில்லை, போகாது என்றுதான் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். இந்த நோயை அடக்கிவைக்கிறதுதான், வேரோடு பிடுங்குகிற மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் பலர் இதோடு பத்து வருடத்துக்கு மேல் ஓட்டுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை லேபுக்குப் போகிறோம், திரும்பவும் முதல் வழியில்தான் நிற்கிறோம், சும்மா இருப்பது. நாற்று பாவியது சித்தப்பா மகன், பெரியப்பா வரப்பில் செருப்பு போட்டு நின்று கத்திக்கொண்டிருந்தார். டைரியை எடுத்துப் பார்த்தேன். அணை 118 அடி என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் அதே பேனாவில், வாலு 1260.